முதலில் வீடு யாருடையது என்று பார்ப்போம்

வாசகர் கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 68. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறையை ஒட்டிய வீடு அப்பா உழைத்து வாங்கியது. அவர் 1994-ல் காலமானார், அம்மா 2009-ல். இரண்டு பேருமே எதுவும் எழுதி வைக்கவில்லை. எனக்கு ஓர் அக்கா, ஒரு தங்கை. இருவருக்கும் சீர் குறைவில்லாமல் செய்தோம். வீட்டில் பங்கு வேண்டாம் என்று அப்போதே வாயால் சொல்லிவிட்டார்கள். அக்கா நான்கு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் என் பேரில்தான். 1998-ல் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 3 ஏக்கர் காப்பித் தோட்டம் என் மனைவி பேரில் வாங்கினேன். மகளை 60 பவுன் போட்டு ஈரோட்டில் கட்டிக் கொடுத்தோம். பெரியவன் பெங்களூரில் இருக்கிறான். சின்னவன்தான் பட்டறையையும் எங்களையும் பார்த்துக்கொள்கிறான். ஆவணியில் வீட்டைச் சின்னவனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, தோட்டத்தைப் பெரியவனுக்கு உயில் எழுதலாம் என்று இருக்கிறேன். உயில் என்றாலே வீட்டில் பயப்படுகிறாள், அதனால் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பேங்க் டெபாசிட்டுக்குச் சின்னவன் நாமினி. இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா?

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சொத்து விவரத்துக்காக. இரண்டாவது முறை உங்கள் வீட்டம்மாவைத் தேடிப் படித்தேன். தோட்டம் வாங்கிய பேராக ஓரிடத்தில் வருகிறார், உயிலுக்குப் பயப்படுகிறவராக இன்னோரிடத்தில் வருகிறார். உங்களுக்குப் பின் அவர் எந்த வீட்டில் இருப்பார், மாதச் செலவுக்கு யார் கையை எதிர்பார்ப்பார் என்று ஒரு வரிகூட இல்லை. இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சொத்தைப் பிரிக்க வருகிற ஆண்கள் பிள்ளைகளை நினைக்கிற அளவுக்கு மனைவியை நினைப்பதில்லை. அவர்களுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மனைவி எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால், அவருக்கென்று தனியாக எழுத வேண்டும் என்று தோன்றுவதில்லை.

ஆவணி பத்திரத்தை நிறுத்தி வையுங்கள். அந்த வீடு முழுக்க உங்களுடையது இல்லை.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா உயில் இல்லாமல் காலமானபோது, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மா, அக்கா, நீங்கள், தங்கை நாலு பேரும் சம வாரிசுகள். ஆளுக்கு 4-ல் 1 பங்கு. 2009-ல் அம்மா போனபோது அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. கூட்டிப் பார்த்தால் வீட்டில் உங்களுக்கு 3-ல் 1 பங்குதான் வருகிறது. மீதியில் ஒரு பங்கு தங்கையுடையது. இன்னொன்று அக்காவுடையது; அது இப்போது அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டது.

படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது. முப்பது வருடமாக நீங்கள் கூரை மாற்றி, வரி கட்டி, வெள்ளையடித்த வீடு. ஆனால் பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, வரி ரசீதும் ஆகாது. வாரிசுகளில் ஒருவர் குடியிருந்தால் எல்லாருக்கும் சேர்த்துக் குடியிருக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சீர் செய்ததும் பவுன் போட்டதும் பங்கில் கழியாது. வாயால் "வேண்டாம்" என்று சொன்னது நல்ல மனசு. அசையாச் சொத்தில் அதற்குப் பத்திர பலம் கிடையாது. நீங்கள் இப்போது முழு வீட்டையும் சின்னவனுக்கு எழுதினால், அவன் கைக்குப் போவது மூன்றில் ஒரு பங்கும் ஒரு வழக்கும். நாளைக்கு அவன் அந்த வீட்டை வைத்துப் பட்டறைக்குக் கடன் கேட்டால், பேங்க் வக்கீல் 1994 இறப்புச் சான்றைப் பார்த்ததும் முதல் கேள்வியாக அத்தைமார் வீட்டுக் கையெழுத்தைத்தான் கேட்பார்.

இதற்கு வழி விடுதலைப் பத்திரம். தங்கையும், அக்கா வீட்டு வாரிசுகளும் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அக்கா இருந்தவரை இரண்டு கையெழுத்தில் முடிந்திருக்கும். இப்போது மாமாவும் அவர் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் பத்து வருடம் விட்டால் எத்தனை பேர், எந்தெந்த ஊர் என்று சொல்ல முடியாது.

தயவுசெய்து அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். என்னிடமிருந்தும் வேண்டாம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு, வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். பங்கை விட்டுக்கொடுக்கிற பெண்களில் பலருக்கு அந்த வீட்டின் மதிப்பு பெரிதாகத் தெரிவதில்லை. தன்னை மதித்துக் கேட்டார்களா என்பதுதான் மனதில் நிற்கும். கேட்டபிறகு ஒரு தொகை வேண்டும் என்று சொன்னால் அது அவர்கள் உரிமை. முகம் சுளிக்காமல் பேசி முடியுங்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். அப்பா சொத்து என்றாலே பூர்வீகச் சொத்து, அதில் பேரனுக்குப் பிறந்ததுமே பங்கு உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயிலின்றி இறந்திருந்தால், பிள்ளைகளுக்கு வருவது அவரவர் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பங்கை யாருக்கு எழுதுவது என்பது உங்கள் முடிவு.

இனி செட்டில்மெண்ட். பத்திர எழுத்தர்கள் பலரும் இதையே சொல்வதற்குக் காரணம் செலவு. 2023 ஜூலை 10 முதல் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு 60 லட்சமாக இருந்தாலும் 50,000 ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் செட்டில்மெண்ட் எழுதிய அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. பிறகு மனசு மாறினாலும், உங்கள் இஷ்டத்துக்கு ஒரு ரத்துப் பத்திரம் பதிந்து திரும்ப வாங்கிவிட முடியாது.

என் பெரியம்மா கதையைச் சொன்னால் புரியும். ஒரே மகன், தங்கமான பிள்ளை. பெரியப்பா போனதும் வீட்டை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அப்போது நான் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெருமையாகப் பேசினார்கள், நானும் தலையாட்டினேன். மகன் தறிக்கூடம் போட அந்த வீட்டை அடமானம் வைத்தான். மூன்றாம் வருடம் ஓமலூர் சாலையில் விபத்தில் போய்விட்டான். கடன் நின்றது, வட்டி ஏறியது, வீடு ஏலத்துக்கு வந்தது. பெரியம்மா தன் பூஜை அலமாரியையும் அரிசி டிரம்மையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம், அந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தபடியே வந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவரை யாரும் ஏமாற்றவில்லை. பிள்ளை முந்திப் போவான் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். செட்டில்மெண்ட் என்றதும் எல்லாரும் பிள்ளை நாளைக்குக் கவனிப்பானா என்று மட்டும் கேட்கிறார்கள். அவனுக்கு ஒன்று ஆனால், அவன் தொழிலுக்கு ஒன்று ஆனால் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உங்களையும் வீட்டம்மாவையும் ஆயுள் உள்ளவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, அப்படி நிபந்தனை இருந்து பராமரிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வெறும் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும் எழுதிய பத்திரங்களில்தான் நீதிமன்றப் படி ஏறி வாதாட வேண்டியிருக்கிறது.

என் யோசனை வேறு. விடுதலைப் பத்திரம் முடிந்தபின், வீட்டை உயில் மூலம் வீட்டம்மாவுக்கே முழு உரிமையாக எழுதுங்கள். அவருக்குப் பின் சின்னவனுக்கு என்பதை அவர் தன் உயிலில் எழுதிக்கொள்ளட்டும். "மனைவி ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்க உரிமை இல்லை, பிறகு மகனுக்கு" என்று எழுதுகிற வழக்கம் நம் ஊரில் அதிகம். அதே வரி, பெண் கையில் இருக்கிற சொத்தை அவருடைய முழு உரிமையாக்குகிற 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவை வைத்து எத்தனையோ வழக்குகளுக்கு விதையாகியிருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் உங்களோடு வாழ்ந்தவரிடம் ஒரு வீட்டை நம்பிக் கொடுக்கலாம். அவர் உங்களுக்கு முன்பே காலமானால் வீடு யாருக்கு என்ற வரியை மட்டும் மறக்காமல் சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வீணாய்ப்போன உயில்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்கு வருகிறேன். கிரயம் வீட்டம்மா பேரில். பணம் உங்களுடையதாக இருந்தாலும், பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான். நீங்கள் உயிலில் அதைப் பெரியவனுக்கு எழுதினால் அந்தப் பத்திக்கு மதிப்பே இல்லை. அவர் எதுவும் எழுதாமல் போனால் தோட்டம் நீங்களும் மூன்று பிள்ளைகளுமாக நாலு பங்காகும். ஆகவே இந்தக் குடும்பத்தில் இரண்டு உயில் வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தாளில் கூட்டு உயில் எழுதாதீர்கள். ஒருவர் போனபின் மற்றவர் மாற்றலாமா கூடாதா என்பதிலேயே சண்டை வரும். தனித்தனித் தாள், தனித்தனிக் கையெழுத்து. தோட்டம் யாருக்கு என்பதை அவரே சொல்லட்டும். மகளுக்கு ஒரு ஏக்கர் கொடுக்க வேண்டும் என்று அவர் மனதில் இருக்கலாம், நீங்கள் கேட்டதுண்டா?

அந்தத் தோட்டத்தை உயிலில் எழுதுமுன் ஒருநாள் மேலே போய் எல்லையைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். சேர்வராயன் மலையில் வரிசையாக நிற்கிற சில்வர் ஓக் மரங்களைத்தான் எல்லோரும் எல்லை என்று காட்டுவார்கள். மிளகுக் கொடி ஏறிய அந்த மரம் உங்களுடையதா, பக்கத்துத் தோட்டத்தாருடையதா என்பது புல வரைபடத்தில் இருக்காது. 1998-ல் பெரிய தோட்டத்திலிருந்து பிரித்து வாங்கியிருந்தால், பட்டா இன்னும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். அன்றைக்கு விற்றவரும், எல்லை தெரிந்த மேஸ்திரியும் உயிரோடு இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது. இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுவதானால், உள்ளே இருக்கிற பங்குக்கு ஜீப் போகும் வழி எது, தண்ணீர் எங்கிருந்து என்பதையும் உயிலிலேயே எழுத வேண்டும். மலையில் வழி இல்லாத ஒரு ஏக்கருக்கு விலையும் இல்லை, பறித்த காப்பியை வெளியே கொண்டுவர இடமும் இல்லை.

உயில் எழுதுவது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய காரியம் இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. பதிந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். சேலத்துச் சொத்துக்கு இங்கே எழுதும் உங்கள் உயிலுக்கு ப்ரொபேட்டும், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்றும், கட்டாயமில்லை.

கவனம் வேண்டியது சாட்சிகளிடம். இரண்டு பேர் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அவர்கள் போடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரே மேஜை, ஒரே நேரம். வீட்டுக்கு வீடு தாளை அனுப்பிக் கையெழுத்து வாங்குவதில்தான் உயில்கள் கெடுகின்றன. நாளைக்கு உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் வயது நண்பர்களைப் போடாதீர்கள். 40, 45 வயதில், சேலத்திலேயே இருக்கிற, உயிலில் எதுவும் பெறாத ஆட்களாகப் பாருங்கள். ஒருவர் உங்கள் குடும்ப டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் அறிவு தெளிவாக இருந்தது என்று அவரே சொல்வார். கடைசியில், விடுபட்ட சொத்தும் இனி நீங்கள் சம்பாதிக்கப் போவதும் யாருக்கு என்று ஒரு பத்தி சேருங்கள். பத்திரத்தில் இருக்கிற பேரும் ஆதாரில் இருக்கிற பேரும் ஒன்றா என்று இனிஷியல் முதற்கொண்டு பாருங்கள். வேறாக இருந்தால் "இரண்டும் நானே" என்று உயிலில் எழுதிவிடலாம்.

நாமினி விஷயத்தில் பாதி ஊரே தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பேங்கில் நாமினி என்றால் பணத்தை வாங்கிக் கொடுக்கிற ஆள். அது அவனுடைய பணம் ஆகிவிடாது. உயில் இருந்தால் உயில்படி, இல்லாவிட்டால் வாரிசுகளுக்குப் பங்கு. டெபாசிட்டை வீட்டம்மாவும் நீங்களும் சேர்ந்த கணக்காக, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 நாமினி வரை போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். மூன்று பிள்ளைகள் பேரையும் போடுங்கள். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் பேங்கின் நிதிக்குப் போய்விடும். பிறகு கேட்டு வாங்கலாம், ஆனால் எந்தக் கிளை, எந்த ரசீது என்று வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டறையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை. வியாபாரிகள் கொடுத்த வெள்ளிக் கட்டி எவ்வளவு உங்கள் பெட்டியில் இருக்கிறது? கொலுசாகப் போனது எவ்வளவு, சேதாரம் கழித்து நிற்பது எவ்வளவு, கூலி பாக்கி யாரிடம்? செவ்வாய்ப்பேட்டையில் இதெல்லாம் ஒரு சிட்டையிலும் முதலாளி மனசிலும்தான் இருக்கும். முதலாளி போன மறுவாரம், "அப்பாவிடம் 12 கிலோ கொடுத்திருந்தேன்" என்று ஒருவர் வந்து நின்றால், பெட்டியில் இருப்பது யாருடைய வெள்ளி என்று சின்னவனால் எப்படிச் சொல்ல முடியும்? ஒரு நோட்டில் ஆள் வாரியாக, எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), தேதி எழுதி மாதம் ஒருமுறை அவரவர் கையெழுத்து வாங்குங்கள். அடுத்தவர் வெள்ளி உங்கள் சொத்து இல்லை, உயிலில் வரவும் கூடாது. வாரிசுகள் உங்கள் கடனைத் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் கட்ட வேண்டும் என்பதையும் சின்னவனிடம் சொல்லி வையுங்கள். பயத்தில் எவர் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவான்.

மகளைப் பற்றி. உங்கள் தனிச்சொத்தை அவருக்குக் கொடுக்காமல் விட சட்டத்தில் தடை இல்லை. அப்படித்தான் முடிவு என்றால், 60 பவுன் போட்டது, படிக்க வைத்தது என்று காரணத்தை உயிலிலேயே எழுதுங்கள். பேரே இல்லாமல் விட்டால், மறந்துவிட்டார், யாரோ எழுத வைத்துவிட்டார்கள் என்று வழக்கு நிற்கும். ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் அக்கா, தங்கைக்கு எழுதாமல் விட்டதால்தான் இன்று நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சிறியதாக இருந்தாலும் மகள் பேரில் ஒன்றை எழுதுங்கள்.

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற பயத்தோடு என் அலுவலகத்துக்கு வருகிற அம்மாக்கள் நிறைய. நான் அவர்களிடம் வாதாடுவதில்லை. "நாளைக்கு உங்கள் வீட்டுக்காரர் இல்லை என்றால் இந்த வீட்டுச் சாவி யார் கையில் இருக்கும்?" என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். பிறகு அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள், அதுவும் நீங்கள் யோசிக்காத கேள்விகளாக இருக்கும். ஆகவே தங்கையைப் பார்க்கப் போகுமுன் முதலில் வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

அப்பா, அம்மா, அக்கா மூவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டின் மூலப் பத்திரம், நாகலூர் கிரயப் பத்திரம், இரண்டு சொத்துக்கும் வில்லங்கச் சான்று, இவற்றை ஒரு ஃபைலில் சேருங்கள். மூலப் பத்திரம் கிடைக்கவில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்க நாள் பிடிக்கும். கார்த்திகையில் மேலே காப்பிப் பறிப்பு மும்முரமாகிவிடும், உங்களைப் பிடிக்க முடியாது. அதற்கு முன் ஒருநாள், அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் வரும்போது இரண்டு பேருமாக வாருங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.